எழுத்து அறியாதவள்

பேச்சி கரமனைக்கு வந்து மலையாளம் பேசத் தொடங்கிய பிறகு பிறந்த மகள் நர்ஸிங்கே படித்து முடித்துவிட்டாள். ஆனாலும் பாலத்தடியில் மீன் விற்கிறவனுக்கு அவள் இன்னும் வெளியூர்க்காரிதான். "அயலைக்கு எந்தா வில?" என்று நல்ல மலையாளத்தில் கேட்பாள். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு, "வாங்கோ அக்கா, நல்ல மீனு இருக்கு, எடுக்கட்டுமா?" என்பான். தமிழ்ப் படம் பார்த்துப் பொறுக்கிய தமிழ். அவள் மறுபடியும் மலையாளத்தில் கேட்பாள், அவன் மறுபடியும் தமிழில் சொல்வான். இதில் கேலி ஒன்றும் இல்லை, பிரியம்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. பிரியமாம்! ஒருத்தி உன் பாஷையை மூச்சுப்பிடித்துக் கற்றுக்கொண்டு வந்து உன் முன்னால் நிற்கிறாள், நீ அதைக் காதிலேயே வாங்க மாட்டேன் என்கிறாய். அதற்குப் பெயர் பிரியம் என்றால் பேச்சிக்கு அது வேண்டாம். ஒருநாள் கையில் எடுத்த அயலையைத் திரும்பக் கூடையிலேயே எறிந்துவிட்டு, "ஆத்யம் நீ மலையாளம் படி, பின்னெ மீன் வாங்ஙாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு வீட்டில் ரசம்தான்.

கோபக்காரி என்று வார்டு முழுக்க அவளுக்குப் பெயர். அம்பாசமுத்திரத்துப் பக்கத்துக்காரி. சொரிமுத்துவைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தாள். அவன் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன், வீட்டில் வாய் திறக்காத மனுஷன். அவனுக்கும் சேர்த்து இவள் பேசுவாள். வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் சேகரிக்கும் ஹரித கர்ம சேனையில் அவளுக்கு வேலை. பச்சைக் கோட்டு, கையுறை, தோளில் சாக்கு. பால் கவரைக் கழுவிக் காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் பாதிப் பேர் நாற்றத்தோடு நீட்டுவார்கள். அதற்காக ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பாஷை வைத்திருந்தாள். அக்ரஹாரத்தில் பிச்சுமணி மாமாவிடம் ஒரு தமிழ், ஆற்றோரத்து வீடுகளில் மலையாளம், வங்காளத்துப் பையன்கள் அடைந்து கிடக்கும் கட்டடத்தில் ஹிந்தி. எல்லாவற்றிலும் அவளுக்குத் திட்டத் தெரியும். திட்டத் தெரிந்துவிட்டால் அந்தப் பாஷை கைக்கு வந்துவிட்டது என்பது அவள் கட்சி.

வராதது ஒன்றுதான். மலையாளம் வாசிக்கவும் எழுதவும் வராது.

பத்தாவது வரை தமிழில் படித்தவள் அவள். "பேச்சி, நேத்திக்கி பேப்பர் எடுத்து வச்சிருக்கேன், கொண்டு போ" என்று பிச்சுமணி மாமா நாகர்கோவில் பதிப்புத் தமிழ்ப் பேப்பரைத் தவறாமல் கொடுப்பார். சாக்கை ஏதாவது ஒரு மதிலில் சாய்த்து வைத்துவிட்டு, தலைப்பிலிருந்து வரிவிளம்பரம் வரை மேய்ந்துவிடுவாள். வாய்விட்டு வாசிக்கிற பழக்கம். அதே ஆள் பஸ் ஸ்டாப்பில் போர்டைப் பார்த்து முழிப்பாள். அந்த எழுத்துகளில் நாலைந்து தமிழைப் போலவே இருக்கும். அதை நம்பி அடுத்ததற்குப் போனால் காலை வாரிவிடும். பக்கத்தில் நிற்கிறவரிடம் மலையாளத்தில் கேட்பாள். அவர் தமிழில் பதில் சொல்வார். அங்கேயும் கோபம்.

அவள் கற்றுக்கொள்ள முயலவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மகள் ஆதிரா ஜெர்மன் படிக்கிறாள். அந்தத் தெருவில் நர்ஸிங் முடித்த பெண்களெல்லாம் அதைத்தான் படிக்கிறார்கள். விடிந்தால் போதும், வீட்டுக்கு வீடு ஒருத்தி போனைக் காதில் மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமிச் செருமிப் பேசுவாள். ஒருநாள் காலையில் பேச்சி மகளிடம் கேட்டாள்.

"ஏட்டி, எனக்கு ஒரு அரைமணி நேரம் மலையாளம் எழுத்து சொல்லிக்குடேன்."

ஆதிராவுக்குத் தமிழ் புரியும், பதில் மலையாளத்தில்தான் வரும். "அம்மே, எனிக்கு பரீட்ச கழியட்டெ. அல்ல, அம்மைக்கு இனி எந்தினா அதொக்கெ?"

"இனி எதுக்கான்னா? என்னைய பொதைச்சாச்சா?" பேச்சி கையிலிருந்த சட்டுவத்தைப் போட்டாள். "எங்கயோ கெடக்க ஜெர்மன்காரனுக்கு அவன் பாஷையில ஊசி போடப் போற. பெத்தவளுக்கு ஒரு பஸ் போர்டு சொல்லிக்குடுக்க நேரமில்ல. நல்லா இருக்குட்டி உன் படிப்பு."

ஆதிரா போனை மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள். அதோடு அந்தப் பாடம் முடிந்தது.

தெருப் பெண்களுக்கு ஒரு அயல்கூட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முறைவைத்து ஒவ்வொரு வீட்டில் கூடுவார்கள். பாய் விரித்து, ஒரு பிரார்த்தனை சொல்லி, போன வாரம் பேசியதைச் செயலாளர் வாசிப்பாள், இந்த வாரம் பேசுவதை எழுதுவாள். செயலாளர் ஜெயஷீலா. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலை. மடிப்புக் கலையாத சேலை, மடிப்புக் கலையாத மலையாளம். அவள் பதவிக்காலம் முடிந்துவிட்டது, வேறு ஆள் வர வேண்டும்.

யார் என்று பேச்சு வந்ததும் எல்லாப் பெண்களும் பேச்சியைப் பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? ஓடை அடைத்துக்கொண்டு ஆற்றுத் தண்ணீர் அடுப்படிக்கு வந்தபோது எஞ்சினீயரைக் கையோடு கூட்டி வந்து முழங்கால் தண்ணீரில் நிறுத்தியவள் அவள். தலைவி வசுமதி சேச்சியே, "பேச்சி ஆகட்டெ" என்றாள்.

பேச்சிக்கு அந்த இடம் வேண்டும். மனசார வேண்டும். இந்த ஊரில் அவள் இல்லாத இடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிச் சுட்டியதில்லை. 'பிளாஸ்டிக் எடுக்குந்ந தமிழத்தி', 'மூன்றாவது வீட்டுத் தமிழத்தி', 'டைல்ஸ்காரனின் தமிழத்தி'. எதிரே நின்றால் சேச்சி, முதுகைத் திருப்பினால் தமிழத்தி. செயலாளர் ஆகிவிட்டால் வார்டுக் கூட்டத்தில் மைக்கில் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஒரு தடவையாவது அந்த மைக்கில் பேச்சி என்று அவள் கேட்க வேண்டும்.

அப்போதுதான் ஜெயஷீலா வாயைத் திறந்தாள். முகத்தில் அப்படி ஒரு வருத்தம். "எனிக்கு விரோதம் ஒண்ணுமில்ல. பக்ஷே, மினிட்ஸ் எழுதண்டெ? பேச்சி சேச்சிக்கு எழுத்தறியில்லல்லோ."

அடுத்த ஞாயிறு முடிவு செய்யலாம் என்றாள் வசுமதி சேச்சி. பதவி விடுகிற செயலாளர் தன் வீட்டில் டீயும் பலகாரமும் வைத்துக் கூட்டம் நடத்துவது அங்கே வழக்கம். இத்தனை வருஷமும் தன் முறை வரும்போதெல்லாம், வீட்டில் சௌகரியமில்லை என்று அங்கன்வாடிக்கு எல்லோரையும் ஓட்டிவிட்ட ஜெயஷீலாவுக்கு இந்த முறை தப்பிக்க வழி இருக்கவில்லை.

மலையாளம் எழுத வராது என்று சொல்லியிருந்தால் பேச்சி தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். அது உண்மை. எழுத்தே அறியாதவள் என்று சொன்னாள். சொன்னது வேறு யாராவது என்றாலும் போகட்டும் என்று விடலாம். சொன்னவள் ஜெயஷீலா. அதைத்தான் பேச்சியால் விட முடியவில்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள், ஜெயஷீலா வீட்டு மதிலோரம் நின்று பேச்சி வழக்கம்போலச் சத்தமாகப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தாள். சன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "பிள்ளே, தமிழ் பேப்பராக்கும்? அதில மரண அறிவிப்பு உண்டா பாரு."

ஜெயஷீலாவின் அம்மா ரத்னாபாய். குழித்துறைக்காரி. சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றுவிட்டது. பகலெல்லாம் அந்தச் சன்னலோரக் கட்டிலில் தனியாகக் கிடந்தாள். "எனக்கக்கூட படிச்சவனெல்லாம் ஒவ்வொருத்தனா போறான். எவன் போனான், எவன் இருக்கான்னு எனக்குச் சொல்ல ஒரு ஆளில்ல" என்றாள். அன்றிலிருந்து தினமும் பேச்சி அந்தச் சன்னலில் நின்று மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் செத்துப்போனவர்களை ஒருவர் விடாமல் வாசித்துக் காட்டினாள். கிழவி ஒவ்வொருவருக்கும் ஒரு குறை சொல்வாள். சிலபேர் செத்ததில் அவளுக்குச் சந்தோஷம்கூட இருந்தது.

லீவு நாளில் ஒருதடவை ஜெயஷீலா இதைப் பார்த்துவிட்டாள். பேச்சியைக் கேட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, முதல்தடவையாகத் தமிழில் பேசினாள். "அக்கா, அம்மைக்கு வாசிச்சுக் குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாட்டு போகும். எனக்குத் தமிழு வாசிக்க அறியாது, நான் படிச்சது மலையாளமாக்கும். பின்னே... இது கூட்டத்தில ஆருக்கும் தெரியாண்டாம் கேட்டியளா. இங்க எல்லாரும் என்னைய வேற மாதிரி நெனச்சிருக்கு."

பேச்சிக்கு அது புரிந்தது. தமிழத்தி என்ற பெயரை இவளும் எங்கேயோ சின்ன வயசில் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள் என்று பரிதாபப்பட்டாள். சரி என்று வாக்குக் கொடுத்தாள். வாக்கைக் காப்பாற்றவும் செய்தாள். அந்தப் பரிதாபத்துக்குத்தான் இப்போது இந்தப் பரிசு.

"அவ வீட்டுச் சன்னல்ல நின்னு நான் தொண்ட தண்ணி வத்த வாசிச்சேனே, அது என்னது, ஜோசியமா?" என்று அன்றைக்கு வீட்டில் கத்தினாள்.

"விடுளா. நமக்கு எதுக்கு அந்த வம்பு" என்றான் சொரிமுத்து.

"ஆமா, உமக்கு எதுக்கு. ஊரான் வீட்டுத் தரையப் பாத்துக்கிட்டே இருந்து உமக்கு நிமிந்து பாக்க மறந்துபோச்சு. எனக்கு மறக்கல." சொரிமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டான்.

மறுநாள் வேலை முடிந்ததும் பச்சைக் கோட்டோடு நேரே வார்டில் நடக்கும் எழுத்து வகுப்புக்குப் போனாள். அங்கிருந்த சார் மரியாதைக்காரர். உட்காரச் சொன்னார். எதுவரை படித்திருக்கிறாள் என்று கேட்டார். பத்தாம் கிளாஸ், தமிழில் என்றாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியென்றால் நீங்கள் எழுத்தறிவு உள்ளவர், இது எழுத்தறியாதவர்களுக்கான வகுப்பு, உங்களைச் சேர்க்க முடியாது என்றார். வெளிமாநிலத்துக்காரர்களுக்கு மலையாளம் சொல்லிக்கொடுக்கிறார்களாமே என்றாள். அது ஹிந்தி வழியாக என்றார். ஹிந்தியில் திட்ட வரும், படிக்க வருமா? பேச்சி எழுந்து நின்றாள். அங்கே எழுத்தறியாதவள் என்று வெளியே தள்ளுகிறார்கள், இங்கே எழுத்தறிந்தவள் என்று வெளியே தள்ளுகிறார்கள். "சாரே, ரெண்டிலொண்ணு நிங்ஙளெல்லாரும் கூடி தீர்மானிக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல மனுஷர்தான் பாவம்.

அந்த வாரம் முழுக்க அவள் ரத்னாபாயின் சன்னல் பக்கம் நிற்கவில்லை. பேப்பரைச் சாக்குக்குள் திணித்துக்கொண்டு விறுவிறுவென்று தாண்டிப் போனாள். கோபம் மகள்மேல், பட்டினி அம்மாவுக்கு. அது நியாயமில்லை என்று அவளுக்கே தெரிந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜெயஷீலா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தது. பழம்பொரி, டீ எல்லாம் தயார். உள்ளறைக் கதவு இறுக்கிச் சாத்தியிருந்தது. பிரார்த்தனை முடிந்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். "பேச்சி" என்று இவள் சொல்லி வாய் மூடவில்லை, கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கிளம்பியது.

"பேச்சியா அது? பிள்ளே, எங்க போய் தொலஞ்ச இத்தன நாளா? பேப்பர் கொண்டாந்தியா? உள்ள வா, செத்தவனெல்லாம் அங்க காத்துக் கெடக்கான்."

எல்லாத் தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின. கரமனையில் குடியிருந்துகொண்டு இந்தத் தமிழ் புரியாது என்று யார் சொல்ல முடியும்? அத்தனை பேருக்கும் புரிந்தது. ஜெயஷீலா சிரித்தாள்.

"அம்மையா. ஓர்மயொக்கெ போயி. இங்ஙனெ ஓரோந்நு பிச்சும் பேயும் பறயும்."

பெற்ற தாய் தன் பாஷையில் ஒரு வார்த்தை பேசியதற்கு, ஞாபகமெல்லாம் போய் உளறுகிறாள் என்று சொல்லிவிட்டாள் மகள்.

அந்த நிமிஷம் வரை பேச்சிக்கு வந்த கோபமெல்லாம் தனக்காக வந்த கோபம். மீன்காரன்மேல், ஆதிராமேல், மினிட்ஸ்மேல். இது வேறு. கூட்டத்தில் அவள் வாயிலிருந்து ஒரு சொல் தமிழ் வந்ததில்லை. இப்போது வந்தது, சத்தமாகவே வந்தது.

"இந்தா வாரேன் அம்மா."

வாசிக்காமல் பையிலேயே கிடந்த பேப்பரை உருவிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. அகலத் திறந்து வைத்தாள். தெருவில் பாஷைக்கொரு குரல் வைத்திருந்தவள், இருந்ததிலேயே பெரிய குரலை எடுத்து வாசித்தாள். "குழித்துறை. சுவாமிதாஸ். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நல்லடக்கம் திங்கட்கிழமை."

"அவனா!" என்றாள் ரத்னாபாய். "எனக்கக்கூட அஞ்சாங்கிளாஸில இருந்தவனாக்கும். மழ பெய்தா தனக்க குடைய விரிக்காம, நனஞ்சிரும்னு கக்கத்தில இடுக்கிட்டு ஓடுவான். அவனுக்க தம்பி ஒருத்தன் உண்டு, ஜெபசிங். அவன் இருக்கானா போனானா பாரு, அடியில எழுதியிருக்கும்."

பேச்சி விரலால் தடவிப் பார்த்தாள். "தம்பி ஜெபசிங், களியக்காவிளைன்னு போட்டிருக்கு."

"அப்பம் இருக்கான். அவனுக்கு ஒரு காலு நீளம் குறவு. இடத்தே காலு."

கூடத்தில் டீ ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் பழம்பொரியைத் தொடவில்லை. வசுமதி சேச்சிதான் கன்னத்தில் கைவைத்தபடி கேட்டாள். "இதில ஓர்ம போயது ஆர்க்கா?"

பேச்சி வெளியே வந்தாள். ஜெயஷீலாவின் முன்னால் மினிட்ஸ் நோட்டு திறந்து கிடந்தது. கேட்காமலே அதை இழுத்து, பேனாவை எடுத்து, சப்பணமிட்டு உட்கார்ந்து எழுதினாள். தமிழில், பத்தாம் வகுப்பில் வாத்தியார் எல்லோருக்கும் தூக்கிக் காட்டிய அந்தக் குண்டு எழுத்தில் எழுதினாள். "இன்று ஜெயஷீலா வீட்டில் கூட்டம் நடந்தது. புதிய செயலாளர் பற்றிப் பேசினோம். ஜெயஷீலாவின் அம்மா ரத்னாபாய் வீட்டில் இருந்தார். அவருக்கு நல்ல ஞாபகசக்தி இருக்கிறது." கீழே பேச்சி என்று கையெழுத்துப் போட்டாள்.

"பேச்சி, இது ஞங்ஙளு எங்ஙனெ வாயிக்கும்?" என்றாள் வசுமதி சேச்சி.

"தெரியாட்டா கேளுங்க, நான் வாசிச்சுத் தாரேன்" என்றாள் பேச்சி. இன்னும் தமிழில்தான். "பஸ் போர்டு நான் உங்ககிட்ட கேக்கலியா? கேட்டா என்ன கொறஞ்சா போச்சு? எழுத்து அறியாதவன்னு மட்டும் இனி ஒருத்தரும் என்னையச் சொல்லப்பிடாது."

ஜெயஷீலாவை அவள் பார்க்கவில்லை. ஜெயஷீலாவுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதை அப்போதும் அவள் வெளியில் சொல்லவில்லை, கேட்டுக்கு வெளியே நின்று கொடுத்த வாக்கில் அதுவாவது மிச்சம் இருந்தது. ஜெயஷீலாவுக்கு அது தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

வசுமதி சேச்சி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். பிறகு எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள், மலையாளத்தில்: பேச்சி வாசிக்கக் கேட்டு மலையாளத்தில் எழுத இந்தத் தெருவில் எத்தனையோ பிள்ளைகள் உண்டு, எஞ்சினீயரைத் தண்ணீரில் இறக்க வேறு ஆள் கிடையாது. யாருக்காவது எதிர்ப்பு உண்டா? ஒருவரும் கை தூக்கவில்லை. "எங்கில் பேச்சி செக்ரட்டரி" என்றாள்.

மைக் இல்லை. ஆனாலும் பேச்சி அதைக் கேட்டாள். கோபம் மட்டும் இறங்க மறுத்து நெஞ்சிலேயே நின்றது.

உள்ளேயிருந்து கட்டில் கிறீச்சிட்டது.

"ஜெயா!"

ஜெயஷீலா நிமிர்ந்தாள்.

"கண்ணுதான் போச்சு, காது போகல்ல. நான் பிச்சும் பேயும் பறயுதேன்னு நீ சொன்னது கேட்டுது." கிழவியின் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "பேச்சி என்னமோ எழுதியிருக்கா இல்லியா? அந்த புக்க எடு. அத அவ வாசிக்காண்டாம், நீ வாசி. அம்ம கேக்கட்டு."

ஜெயஷீலா நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தாய் பேசுகிற பாஷை பக்கத்தின் பாதி வரை எழுதிக் கிடந்தது. அவள் முதல் வரியைப் பார்த்தாள், பிறகு அடுத்த வரியைப் பார்த்தாள். பெண்கள் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"வாசி மோளே" என்றாள் ரத்னாபாய்.